முதலில் கூரையைப் பாருங்க

பழைய கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள், சாமி கும்பிடுவார்கள், நேரமிருந்தால் தூண் தூணாகச் சிற்பம் பார்ப்பார்கள். எங்கள் கூட்டத்தோடு வருகிறவர்களை நான் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மேலே பாவியிருக்கும் பலகைக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, இரண்டு கல் சேரும் இடுக்கில் கறுப்பாகக் கோடு இறங்குகிறதா, உத்தரத்தில் மயிரிழை விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வெளியே வந்து, கூரைத் தண்ணீர் விழும் தூம்பைப் பார்க்க வேண்டும். தூம்புக்குக் கீழே தரை பள்ளம் விழுந்து கிடந்தால், மழைத் தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"உங்களோட வந்தா சாமியக் கும்பிட விடாம ஒழுகற கல்ல காட்டிட்டு இருப்பீங்க" என்று சோமனூர் அக்கா சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொரு தடவையும் வருவார்.

பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்றில் இறங்கி, தண்ணீர் ஏன் ஏறவில்லை, எங்கே கசிகிறது என்று பார்த்ததுதான் நான் கற்ற வித்தை. தொல்லியல் படித்தவன் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேரூர், திருமுருகன்பூண்டி, விசயமங்கலம் என்று சுற்ற ஆரம்பித்தேன். சொந்தமும் நட்புமாக ஒரு டெம்போ டிராவலர் கொள்ளும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டம்தான் கம்போடியாவுக்கும் போகணும் என்று பிடிவாதம் பிடித்தது.

சிங்கப்பூர் வழியாகச் சியாம் ரீப் போனோம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஆளுக்கொரு டப்பா. கோயில் பார்க்க ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். அங்கேயே நம்மைப் படம் பிடித்து அச்சடித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பெண்கள் யாருக்கும் அதில் சிரமமில்லை, அரைக்கால் சட்டையோடு வந்த ஒரு மச்சானைத்தான் திருப்பி அனுப்பினார்கள். வழிகாட்டி உரிமம் பெற்ற ஒரு கெமர் இளைஞர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் கோயமுத்தூர்த் தமிழில் சொல்வேன். நடுநடுவே என் கூரைப் பாடமும் ஓடும்.

அங்கோர் வாட்டை இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் விஷ்ணுவுக்காகக் கட்டினான். அவன் பட்டத்துக்கு வந்தது 1113இல். அதே காலத்தில் சோழநாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. அவன் காலத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சிதம்பரத்தில் இருக்கிறது. கம்போஜ நாட்டு அரசன் காட்டிய ஒரு கல், குலோத்துங்கன் ஆணைப்படி தில்லைக் கோயிலில் வைக்கப்பட்ட செய்தியை அது சொல்கிறது. அதற்கு முன்பே முதலாம் ராஜேந்திர சோழனுக்குக் கம்போஜ மன்னன் ஒரு தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. கோயில்கல் சம்பந்தமான கொடுக்கல் வாங்கல் நமக்கும் அவர்களுக்கும் இன்று நேற்று வந்ததல்ல.

அங்கோர் வாட்டின் மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு ஒரு பெருமாள் நிற்கிறார். ஊர் மக்கள் பட்டு சாத்தி, ஊதுவத்தி கொளுத்தி, 'தா ரீச்' என்று கும்பிடுகிறார்கள். நாடு பௌத்தமாகி எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் இவருக்குப் பூசை நிற்கவில்லை. எங்கள் ஆட்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

உள்ளே கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் ஆமையின் மேல் மந்தரமலை. வால் பக்கம் தேவர் வரிசையின் கடைசியில் ஒரு குரங்கு முகம் வாசுகியைப் பிடித்து இழுக்கிறது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, நான் தலைக்கு மேலே பார்த்தேன். இந்தத் திருச்சுற்றின் கூரைக்கு ஒரு தனிக் கதை உண்டு, அதில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

கெமர்கள் சாந்து இல்லாமல் கட்டினார்கள். கல்லைக் கல்லோடு வைத்துத் தேய்த்து, இடைவெளி தெரியாமல் பொருத்தினார்கள். கூரை வளைவு போலத் தெரியும், ஆனால் உண்மையான வளைவு இல்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்க்கல்லைவிடக் கொஞ்சம் முன்னே நீட்டி வைத்துக்கொண்டே போய், உச்சியில் முட்டவிட்டிருக்கிறார்கள். எடையும் பொருத்தமும்தான் அதைத் தாங்குகின்றன. ஒரு கல் நகர்ந்தால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும். கல்லும் நம்ம கருங்கல் அல்ல, கூலன் மலையடிவாரத்து மணற்கல். சுட்ட செங்கல் போலத் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது உள்ளே கரைந்த உப்பு மேல்பரப்புக்குக் கீழே படிகமாகி, தோலை உரித்துத் தள்ளும். தேவர் மூக்கும் அசுரர் கண்ணும் அந்தத் தோலில்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன.

1970களில் அந்த நாடு பட்டபாடு தெரிந்ததுதான். போல் பாட் ஆட்சியில், பிரெஞ்சுக்காரர்களிடம் பயிற்சி பெற்ற கோயில் பணியாளர்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை. பிறகு வந்த அரசை உலகத்தில் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவில்லை, இந்தியா 1980இல் அங்கீகரித்தது. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் வேலை செய்தது. போர் முழுதாக ஓயவில்லை, காட்டில் கண்ணிவெடி, உள்ளூரில் பழகிய கைகள் இல்லை. அந்த நிலைமையில் இடிந்ததை எடுத்துக் கட்டி, காடு மண்டியதைச் சுத்தம் செய்தார்கள். வேறு யாரும் வராத காலத்தில் போனவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு.

கூடவே விமர்சனமும் உண்டு. பாசியையும் கல்லில் படர்ந்திருந்த லைக்கனையும் அமோனியா கலந்த கரைசல் ஊற்றித் தேய்த்து எடுத்தார்கள். கறுத்திருந்த கல் வெளுத்தது. அதோடு கல்லின் மேல்தோலும் போயிற்று என்று மேல்நாட்டு நிபுணர்கள் குற்றம் சொன்னார்கள். நம் தரப்பில் மறுத்தார்கள். என் கருத்தைக் கேட்டால், கறுப்பாக இருப்பது அழுக்கு, வெள்ளையாக இருப்பது சுத்தம் என்ற நினைப்பே பழைய கல் விஷயத்தில் ஆபத்து. பாற்கடல் திருச்சுற்றின் கூரையிலோ, பழைய கெமர் கொத்தர்கள் தண்ணீரை வெளியேற்றச் செய்திருந்த மறைவான ஏற்பாடு கடந்த நூற்றாண்டின் பழுதுபார்ப்புகளில் போய், அங்கே சிமெண்ட் உட்கார்ந்திருந்தது. சிமெண்ட் வெடித்தது, தண்ணீர் சிற்பத்தின் மேல் இறங்கியது. உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு கூரைக் கற்களைக் கழற்றி, சிமெண்டை எடுத்து, பழைய நீர்வழியை மீட்டு 2012இல் வேலையை முடித்தது. கட்டியவனுக்குத் தண்ணீர் தெரிந்திருந்தது, பழுது பார்த்தவனுக்குத் தெரியவில்லை. பம்ப் வேலையில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் தா ப்ரோம். ஏழாம் ஜயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக எடுத்த பௌத்தக் கோயில். அந்தக் கோயிலுக்குள் 12,640 பேர் குடியிருந்தார்கள், 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் அதற்காக உழைத்தார்கள் என்று அங்குள்ள கல்வெட்டு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. இன்று அது மரங்களுக்காகப் பெயர் போனது. பிரெஞ்சுக்காரர்கள் மற்ற கோயில்களில் காட்டை வெட்டினாலும், கண்டுபிடித்தபோது எப்படி இருந்தது என்று காட்ட இதை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். 2001இல் வந்த 'டூம் ரைடர்' சினிமாவுக்குப் பிறகு அங்கே கூட்டம் சொல்லி மாளாது.

மரத்தின் வேர் சுவரைக் கவ்விக்கொண்டு கூரையில் இருந்து தரைவரை இறங்கியிருப்பதைப் பார்த்ததும் ஊத்துக்குளி அண்ணன் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இத்தன பேரு வேல பாக்கறாங்க. மரத்த வெட்டிப் போட்டா வேல முடிஞ்சுதுங்களே?"

பொள்ளாச்சித் தோட்டக்காரர் முந்திக்கொண்டார். "வெட்டுனா சொவுரும் கூடவே வருமுங்க."

அவர் சொன்னதுதான் சரி. பறவை எச்சத்தில் விழுந்த விதை கூரை இடுக்கில் முளைக்கிறது. வேர் ஈரத்தைத் தேடிக் கல் இடுக்கு வழியாக மண் வரைக்கும் இறங்குகிறது. மண்ணைத் தொட்ட பிறகு பருக்கிறது, கல்லைப் பிளக்கிறது. பிளந்த கல்லை அதே வேர்தான் கீழே விழாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. மரம் செத்து வேர் மக்கினாலோ, காற்றில் சாய்ந்தாலோ, இரண்டும் சேர்ந்து விழும். அதனால் தா ப்ரோமில் ஒவ்வொரு மரத்துக்கும் தனி வைத்தியம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தார் மரத்தைப் பார்த்தார்கள், சென்னை ஐஐடிக்காரர்கள் கட்டுமானம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார்கள். சாயும் கிளைக்கு இரும்பு முட்டு, பார்வையாளர் மிதித்து வேர் நசுங்காமல் இருக்க மரப்பலகை நடைபாதை. பலகையின் மேல் நடக்கும்போது எங்கள் ஆட்கள் பலருக்கு அது ஏன் போட்டிருக்கிறது என்றே தெரியவில்லை.

அடிமரம் பலகை பலகையாக விரிந்திருந்த பெரிய மரம் ஒன்றைத் தோட்டக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டாப்சிலிப் பக்கமும் இந்த மரம் இருக்குதுங்க, இருவாச்சி கூடு கட்டுமே, அது" என்றார். டெட்ராமெலிஸ் நூடிஃப்ளோரா என்பது அதன் தாவரவியல் பெயர். மலையாளத்தார் சீனி என்பார்கள். ஆனைமலைக் காட்டு மரத்தைக் கடல் கடந்து பார்த்ததில் அவருக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

தா ப்ரோம் வேலையை இந்தியத் தொல்லியல் துறை 2004இல் தொடங்கியது. அங்கோர் வாட்டில் கேட்ட வசவுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நடனக்காரிகள் மண்டபம் என்று ஒன்று, வாசல் நிலைகளுக்கு மேலே அப்சரஸ்கள் வரிசையாக ஆடுகிறார்கள். கூரை சரிந்து, கல் குவியலாகக் கிடந்த இடம். விழுந்த கல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வரைபடம் எடுத்து, எந்தக் கல் எதன்மேல் இருந்தது என்று தரையில் அடுக்கிப் பார்த்து, அடித்தளத்தைச் சரிசெய்து, திரும்ப ஏற்றினார்கள். கல் கிடைக்காத இடத்தில் மட்டும் புதுக்கல். அந்தப் புதுக்கல்லில் அவர்கள் அப்சரஸ் செதுக்கவில்லை. வடிவம் மட்டும் கொடுத்து மொட்டையாக விட்டிருக்கிறார்கள். அருகில் போய் நின்றால் எது 12ஆம் நூற்றாண்டு, எது நம் காலம் என்று சந்தேகமில்லாமல் தெரியும். 2022 நவம்பரில் நம் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் போய் அந்த மண்டபத்தைத் திறந்துவைத்தார். ஒரு மண்டபத்துக்கு இத்தனை வருஷமா என்று எங்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு. பக்கத்தில் இருக்கும் பபுவோன் கோயிலின் கதையைச் சொன்னேன். 1960களில் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கழற்றி 3 லட்சம் கற்களைக் காட்டில் பரப்பிவைத்தார்கள். எந்தக் கல் எங்கே என்ற குறிப்பேடுகளைப் போல் பாட் ஆட்கள் அழித்துவிட்டார்கள். 1995இல் மறுபடி ஆரம்பித்து 2011இல்தான் முடிந்தது. அதன்பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

என்னை அங்கே அதிகம் யோசிக்க வைத்தது கோயிலைவிடக் கோயிலுக்குக் கீழே இருக்கும் மணல்தான். அங்கோரில் பெரிய கோயில்கள் பாறைமேல் நிற்கவில்லை. மண்ணைத் தோண்டி, மணல் நிரப்பி, இறுக்கி, அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஈரமான மணல் எடையைத் தாங்கும். நிலத்தடி நீர் மட்டம் ஏறி ஏறி இறங்கினால் மணல் நகரும், மேலே கல் பிளக்கும். அதற்குத்தானோ என்னவோ சுற்றிலும் தண்ணீர். அங்கோர் வாட் அகழி 190 மீட்டர் அகலம், சுற்றளவு 5 கிலோமீட்டருக்கும் மேல். மேற்குப் பராய் என்ற ஏரி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், மனிதன் வெட்டியது. சியாம் ரீப்பில் ஓட்டல்கள் பெருகி, ஒவ்வொன்றும் போர் போட்டுத் தண்ணீர் உறிஞ்ச ஆரம்பித்ததும் நிபுணர்கள் பயந்தார்கள். கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் அப்சரா என்ற அரசு அமைப்பு, தூர்ந்து கிடந்த வடக்குப் பராயில் மறுபடி தண்ணீர் நிறுத்தியது. ஏரி நிறைந்தால் கோயில் நிற்கும் என்ற கணக்கு.

இதைச் சொன்னபோது யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வந்த ஊர்க்காரர்கள் நாங்கள். நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் பிரிந்து, பேரூர்ப் பெரியகுளம், குறிச்சிக்குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று சங்கிலியாகக் குளம் வெட்டிய ஊர் இது. அந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணி அறுந்திருக்கிறது என்பது உக்கடம் தாண்டிப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்த பிறகு நம்மூர்க் கோயில்களைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. விசயமங்கலத்தில் இருந்து மறுபடி தொடங்கினோம். சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறைக்கு இந்தப் பக்கம். சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கான சமணக் கோயில் அது, ஊரார் நெட்டைக் கோபுரம் என்பார்கள். பெருங்கதை எழுதிய கொங்குவேளிரின் ஊர். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயனின் தங்கை புளியப்பை இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கம்பி வேலி, நீல அறிவிப்புப் பலகை, பெரும்பாலும் ஆளில்லாத முற்றம்.

திருமுருகன்பூண்டியும் தொல்லியல் துறைக் கோயில்தான், ஆனால் நித்தம் பூசை நடக்கிற கோயில். சேரமான் கொடுத்தனுப்பிய பொன்னைச் சிவகணங்கள் வேடர்களாக வந்து சுந்தரரிடம் பறித்த ஊர். ஊருக்குள் நுழையும்போதே சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் கேட்கும். புதுச் சாமி அங்கே இன்றும் பிறந்துகொண்டே இருக்கிறது. அதனாலேயே இந்த ஊர் ஆட்களுக்குப் புதுக்கல்லை ஏன் மொட்டையாக விடவேண்டும் என்பது சுலபத்தில் ஏறாது. "மூக்கு ஒடஞ்ச சாமிக்கு நாங்க மூக்கு வெச்சுத் தருவமுங்க, வித்தியாசமே தெரியாது" என்றார் ஒரு சிற்பி. வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் தொல்லியல் விதி என்றேன். "அப்புறம் எங்க வித்தை எதுக்குங்க?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் சாமி ஊனமாக நிற்கக் கூடாது என்பது ஆகமம். கம்போடியாவில் அந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை.

சட்டச் சிக்கல் வேறு. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும் சேர்ந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும் என்கின்றன. கோயில் வீதியில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் மாடி எடுக்க முடியாமல் திட்டுகிறார். அவர் திட்டுவதையும் எங்கள் சுற்றுலாவில் நின்று கேட்போம். கோயிலின் செலவில் ஒரு பங்கு அவருடையது.

பேரூர் வேறு வகை. பட்டீசுவரர் கோயில் அறநிலையத்துறையிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில்தான் குடமுழுக்கு ஆனது. கனகசபையை 17ஆம் நூற்றாண்டில் அளகாத்ரி நாயக்கர் எடுத்தார். ஊர்த்துவ தாண்டவம், யானையுரித்தவர், காளி, வீரபத்திரர் என்று ஒவ்வொரு தூணும் ஆள் உயரத்துக்கு மேல். கூரையில் ஒரே கல்லில் குடைந்த சங்கிலி தொங்குகிறது. மேலைச் சிதம்பரம் என்று பெயர். இந்தக் கருங்கல் மணற்கல்லைப் போலத் தண்ணீர் குடிக்காது. எனவே நம் கோயிலுக்கு மழையால் சாவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கல் தாங்கும், இடுக்கு தாங்காது.

நம் மண்டபக் கூரை எப்படி இருக்கும் என்றால், உத்தரத்தின்மேல் பலகைக் கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், அதற்குமேல் தட்டோடு. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். சுண்ணாம்பு மெத்தென்று இருக்கும், கட்டடம் அசைந்தால் கூடவே அசையும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அப்படியில்லை. இறுகும், சுருங்கும், வெடிக்கும். வெடிப்பு வழியே போன தண்ணீர் வெளியே வரமுடியாமல் பலகைக் கல்லின்மேல் தேங்கி, கீழே உப்பாக இறங்கும். உள்ளே இரும்புக் கம்பி வைத்திருந்தால் இன்னும் மோசம், துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்துக் கல்லையே பிளக்கும். மதுக்கரையில் 1934இல் இருந்து சிமெண்ட் ஆலை இருக்கிறது, நம்மூர்ச் சரக்கு. வீடு கட்டட்டும், பாலம் கட்டட்டும், எனக்கு அதன்மேல் வருத்தமில்லை. எண்ணூறு வருஷக் கூரையின்மேல் மட்டும் ஏறவேண்டாம்.

எடையும் ஒரு கணக்கு. ஒரு சதுர அடியில் ஓர் அங்குலக் கனத்துக்கு காங்கிரீட் போட்டால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். ஆயிரம் சதுர அடி மண்டபத்தின்மேல் நான்கு அங்குலம் என்றால் 22 டன். பல கோயில்களில் ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத்தளம் போட்டுவிடுவார்கள். உத்தரம் விரிசல் விடுகிறது என்றால் ஸ்தபதியைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் இந்த எடைக்குக் கணக்குப் போடவில்லை.

மணல் வீச்சு என்ற கொடுமையும் இருந்தது. அழுத்தக் காற்றில் மணலை அடித்துக் கல்லைப் 'பளிச்' என்று ஆக்குவது. எண்ணெய்ப் பிசுக்கோடு கல்வெட்டின் எழுத்தும் போகும். அரசு அதைத் தடைசெய்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2015இல், ஆங்கிலச் செய்தித்தாளில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் பார்த்துத் தானாகவே வழக்கு எடுத்து, 2021 ஜூனில் பழங்கோயில் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பைக் கொடுத்தது. இடையில் 2017இல் யுனெஸ்கோ குழுவும் தமிழகக் கோயில் திருப்பணிகளின் தரம் பற்றிக் கடுமையாக அறிக்கை எழுதியது. இப்போது திருப்பணி என்றால் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். பெரிய கோயில்களுக்கு இதெல்லாம் ஓரளவு நடக்கிறது. ஊருக்கொன்றாக இருக்கும் சின்னச் சிவன்கோயில், பெருமாள்கோயில்களில்தான் நன்கொடையாளர் கொண்டுவந்து இறக்கும் வழவழப்பு டைல்ஸும் கிரானைட்டும் கல்வெட்டின்மேல் ஏறிவிடுகின்றன. கொடுப்பவர் பக்தியோடுதான் கொடுக்கிறார், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

என் அம்மா பிறந்த ஊரில் அப்படி ஒரு பழைய கோயில். பெயர் வேண்டாம். மகாமண்டபம் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தால் மூன்று தளம் ஒன்றின்மேல் ஒன்று, உச்சியில் தார்ப் பூச்சு, தூம்பு வாயில் அரசங்கன்று. அந்தக் கன்றை முன்பு ஒருமுறை வெட்டியிருக்கிறார்கள், அடிக்கட்டையில் இருந்து இரண்டாகத் துளிர்த்திருந்தது. விரல் நீளத்தில் இருக்கும்போதே கையால் வேரோடு பிடுங்கியிருந்தால் செலவே இல்லை. இப்போது வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கல்லைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. ஒருவர் கெமிக்கல் வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியைக் கூட்டிவந்திருந்தார், பத்து வருஷ உத்தரவாதம், ஒரு வாரத்தில் வேலை முடியும். நான் மேல் இரண்டு தளத்தையும் பெயர்த்தெடுத்து, பழைய சுண்ணாம்புத் தளத்தைச் சோதித்து, கெட்ட இடத்தில் மட்டும் சுண்ணாம்பிலேயே மறுபடி போட்டு, தண்ணீர் வாட்டத்தைத் தூம்பு நோக்கித் திருப்பலாம் என்றேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களைத் தேடவேண்டும், நீற்றிப் புளிக்கவைக்க நாளாகும், மழைக்கு முன்னால் முடியாது. அதற்கும் முன்னால் வல்லுநர் குழு அனுமதி.

"அதுக்கு எத்தன வருச உத்தரவாதமுங்க?" என்று தர்மகர்த்தா கேட்டார்.

அடியில் இருக்கிற தளம் போட்டவர் யாரென்றே நமக்குத் தெரியாதுங்க, அவர் உத்தரவாதம் கொடுத்ததாகவும் தெரியவில்லை, ஆனால் அது இன்னும் கெடாமல் இருக்கிறது என்றேன். கூட்டம் கலையும்போது பாதிப்பேர் என் பக்கம், பாதிப்பேர் கெமிக்கல் பக்கம். அரசங்கன்றை மட்டும் உடனே பார்த்துவிடலாம் என்பதில் ஒத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் எங்கள் கூட்டத்தைக் குடையோடு அங்கே கூட்டிப்போவதாக இருக்கிறேன். ஒழுகும் இடங்களைச் சாக்பீஸில் குறித்து, படம் எடுத்து, வல்லுநர் குழுவுக்குப் போகும் மனுவோடு இணைக்கவேண்டும். சோமனூர் அக்கா வருகிறேன் என்றிருக்கிறார், சாமி கும்பிட்ட பிறகுதான் ஏணி ஏறவேண்டும் என்ற நிபந்தனையோடு.